பட்டியலில் இல்லாத ஆங்கிலம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு தனி நோட்டு இருக்கும். பக்கத்தின் நடுவே கோடு இழுத்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதன் பொருள். 'யுபிக்விட்டஸ்' என்றால் எங்கும் நிறைந்திருப்பது. 'எஃபெமரல்' என்றால் கணநேரமே வாழ்வது. 'நியூமிஸ்மாட்டிஸ்ட்' என்றால் நாணயம் சேகரிப்பவர். அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் இந்த நோட்டை வழியெல்லாம் புரட்டுகிறார்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல், இருபது சொல் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். இவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அந்த உழைப்பின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அவர்கள் மனப்பாடம் செய்யும் சொற்களில் பெரும்பகுதி அவர்களிடம் தங்கப்போவதில்லை. தங்கினாலும், அவர்கள் வாழ்க்கையில் படித்தே ஆகவேண்டிய எதையும் படிக்க உதவப்போவதில்லை. உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்க வேறு வழி இருக்கிறது. சொல்லை எங்கிருந்து எடுக்கவேண்டும் என்பதை நாட்டுக்கே நடத்திக் காட்டிய மாவட்டம் புதுக்கோட்டை. அதை நாம் மறந்துவிட்டோம்.

முதலில் மறதியைப் பார்ப்போம். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் நினைவாற்றல் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். அவரே சோதிப்பவர், அவரே சோதிக்கப்படுபவர். பொருள் ஏதுமற்ற அசைகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரு நாள் கழிவதற்குள் பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தது. அவர் ஏன் பொருளற்ற அசைகளைத் தேர்ந்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். பழகிய சொற்களுக்கு மனத்தில் ஏற்கெனவே உறவுகள் இருக்கும். அந்த உறவுகள் நினைவைத் தாங்கிப் பிடித்து அளவைக் கெடுத்துவிடும். எனவே எந்த உறவும் இல்லாத ஒலிகள் அவருக்கு வேண்டியிருந்தன. கந்தர்வகோட்டையில் தமிழ்வழியில் படித்த ஒரு பையனுக்கு 'அப்ஃபஸ்கேட்' என்ற சொல் எபிங்ஹாஸின் அசைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் இல்லை. யார், யாரிடம், எதற்காக அதைச் சொல்கிறார்கள் என்பது தெரியாது. வலப்பக்கத்தில் எழுதியிருக்கும் தமிழ்ப் பொருள் ஒன்றுதான் பிடிமானம். பரீட்சை முடிந்த மறுமாதம் அந்தப் பிடிமானமும் போய்விடுகிறது. பிள்ளைகள் இதைத் தங்கள் ஞாபகசக்திக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. எந்த மனமும் அப்படிப்பட்ட சொல்லை அப்படித்தான் கைவிடும்.

எந்தச் சொற்களைப் படிப்பது என்ற கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் தேடியவர்களில் முன்னோடி மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணி அதிகாரியாக டாக்காவில் இருந்தவர். அங்கே வங்காளிச் சிறுவர்கள் படித்த ஆங்கிலப் பாடநூல்களில் வழக்கொழிந்த இலக்கியச் சொற்கள் மலிந்திருந்தன. வரிக்கு வரி புதுச் சொல் முட்டியதால் எதையும் படித்து முடிக்க முடியாமல் பிள்ளைகள் திணறினார்கள். வெஸ்ட் அந்தப் பாடங்களைத் திருத்தி எழுதினார். அரிய சொற்களை எடுத்துவிட்டு அதிகம் புழங்குகிற சொற்களை வைத்தார். புதுச் சொற்களை இடைவெளி விட்டு நுழைத்தார். அந்தப் பாதையில் அவர் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்குடும்பங்கள் இருந்தன. சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் அவற்றுக்குள் அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் அதற்கு அடுத்த படியைக் கட்டினார். கல்லூரிப் பாடநூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் கணினியில் ஏற்றி, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வருகிற, ஆனால் வெஸ்டின் பட்டியலில் இல்லாத சொற்களைப் பிரித்தெடுத்தார். கிடைத்தவை 570 சொற்குடும்பங்கள். கல்லூரி நூல்களில் பத்தில் ஒரு சொல் அவற்றில் ஒன்றாக இருக்கும். நாவலில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் வரும்.

அந்த 570இல் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். யுபிக்விட்டஸ் இல்லை. 'அஸ்யூம்', 'இன்டர்ப்ரெட்', 'சிக்னிஃபிகன்ட்', 'டெரைவ்', 'வேராஸ்', 'ஹென்ஸ்', 'சப்ஸிக்வென்ட்', 'நாட்வித்ஸ்டாண்டிங்' போன்றவை இருக்கின்றன. கண்ணைப் பறிக்காத சொற்கள். எந்தப் பயிற்சி மையத்தின் சுவரொட்டியிலும் இவை இடம்பெறாது. ஆனால் ஒரு பத்தியின் வாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. பொறியியல் கல்லூரி முதலாண்டில் திணறும் தமிழ்வழி மாணவருக்கு 'தெர்மோடைனமிக்ஸ்' தடையே இல்லை. அந்தச் சொல்லை ஆசிரியர் ஒரு மணிநேரம் விளக்குவார். யாரும் விளக்காமல் தாண்டிப்போகிற 'அஸ்யூம்' தான் தடை. நாளைக்கு இரண்டு என்று எடுத்துக்கொண்டால் 570 சொற்குடும்பங்கள் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கில் அரிய சொற்களை அடுக்கிவைக்கும் கைடுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்லூரியைவிட்டு வெளியே வந்தாலும் இதே கதைதான். புதுக்கோட்டை மாவட்டத்தின் வழக்குகள் மேல்முறையீட்டுக்குச் செல்வது 2004 ஜூலையில் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழை அங்கே கொண்டுவர 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயியின் கண்மாய் வழக்கில் வருகிற உத்தரவு ஆங்கிலத்தில்தான் வரும். அதில் 'ஸ்டே' என்றால் தங்குவது என்று பொருளில்லை. 'டிஸ்போஸ்டு ஆஃப்' என்றால் மனு தூக்கி எறியப்பட்டது என்றும் பொருளில்லை. விசாரணை முடித்துவைக்கப்பட்டது என்று பொருள். 'ப்ரொவைடட்' என்று தொடங்கும் வரியில் எதுவும் வழங்கப்படவில்லை. ஒரு நிபந்தனை விதிக்கப்படுகிறது. எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே கேள்விப்பட்ட சொற்கள். அந்த இடத்தில் அவற்றின் பொருள் வேறு. என்னைக் கேட்டால் உயர்நிலைச் சொல்லறிவு என்பதே இதுதான்: தெரிந்த சொல் தெரியாத வேலையைச் செய்யும்போது அதை அடையாளம் காண்பது. நடுவே கோடு இழுத்த பட்டியல் நோட்டில் இதற்கு இடமே இல்லை.

சொல்லை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மாவட்டம் எதிர்கொண்டது. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வேர்விட்டது. கல்குவாரியில் கல்லுடைத்தவர்கள், கூலிவேலை செய்தவர்கள், எழுத்தே அறியாத நடுவயதுப் பெண்கள் மாலையில் தெருவிளக்கடியிலும் கோயில் திண்ணையிலும் கூடிப் படித்தார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் இந்த இயக்கத்தின் பகுதியாகத்தான். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதிய பிறகு நாடெங்கும் தெரிந்தது. சைக்கிளைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டோம். பாடநூலைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. அந்தப் பாடநூல் 'அணில், ஆடு' என்று தொடங்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே வருகிற சொற்களில் ஒன்று 'பட்டா'. நிலமில்லாத, அல்லது நிலமிருந்தும் காகிதமில்லாத பெண்ணுக்கு அந்தச் சொல்லின் பொருளை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. அதன் கனம் அவளுக்குத்தான் தெரியும். அவளிடம் இல்லாதது எழுத்து வடிவம் மட்டும்.

இந்த முறைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பிரேசிலின் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுக்க முனைந்தபோது, அந்த ஊர் மக்களின் பேச்சைக் கேட்டுத் திரட்டிய ஒரு சில சொற்களிலிருந்து தொடங்கினார். கற்பவரின் உழைப்போடும் கவலையோடும் கட்டுண்ட சொற்கள் அவை. ஒரு சொல்லைச் சுற்றிப் பேச்சு எழவேண்டும், பேச்சிலிருந்து எழுத்து பிறக்கவேண்டும் என்பது அவர் கருத்து. புதுக்கோட்டையில் அது நடந்தது. எழுதக் கற்ற பெண்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். மனித இனவியலாளர் ஃபிரான்சிஸ் கோடி இந்த மாவட்டத்திலேயே ஆய்வு செய்து 2013இல் வெளியிட்ட 'தி லைட் ஆஃப் நாலெட்ஜ்' என்ற நூல், எழுத்தும் மனுவும் குடியுரிமையும் ஒன்றோடொன்று பிணைந்ததை விரிவாக ஆராய்கிறது. இயக்கத்தின் வேகம் பின்னாளில் குறைந்தது உண்மை. தொடர்ந்து படிக்க ஏதும் கிடைக்காத இடங்களில் கற்றது மங்கியதும் உண்மை. அதுவும் என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. பயன்படும் இடமிருந்தால் சொல் நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும்.

'அது தாய்மொழி; பேசத் தெரிந்த மொழிக்கு எழுத்து மட்டும் கற்றார்கள். ஆங்கிலம் அப்படியா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதிலும் இந்த மாவட்டத்திலேயே கிடைக்கிறது. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு நாடு முழுவதும் 31 இடங்களில் ஹைட்ரோகார்பன் எடுக்க அனுமதி அளித்தது. நெடுவாசலும் அவற்றில் ஒன்று. அடுத்த நாளிலிருந்து நெடுவாசலிலும், பின்னர் வடகாட்டிலும் நல்லாண்டார்கொல்லையிலும் மக்கள் திரண்டார்கள். அதுவரை வேதியியல் புத்தகத்துக்குள் இருந்த 'ஹைட்ரோகார்பன்' என்ற சொல் ஒரே வாரத்தில் டீக்கடைப் பேச்சாகியது. அதனோடு குத்தகை, ஆய்வுக்கிணறு, நிலத்தடி நீர், சுற்றுச்சூழல் அனுமதி என்று ஒரு கருத்துலகமே வந்து சேர்ந்தது. திட்டம் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. கவனிக்க வேண்டியது, வயது வந்த மனிதர்கள் கடினமான அயல்மொழிக் கலைச்சொல்லை எந்தப் பட்டியலும் இல்லாமல் கற்றார்கள், இன்றுவரை மறக்கவில்லை என்பது. 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தபோது அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் எது தடை, எது அனுமதி என்று படித்துப் பிரித்தறிய வேண்டிய தேவை இன்னும் இருக்கிறது. ஒரு சொல் தெரிந்தால் ஒரு மொழி தெரிந்ததாகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொற்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வருகின்றன என்பதை நெடுவாசல் காட்டியது.

தமிழ்வழியில் படித்தவரைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அவர் ஆங்கிலத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார் என்று நினைக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை உயிரியல் படித்தவருக்கு ஒளிச்சேர்க்கை தெரியும், சவ்வூடு பரவல் தெரியும், நோய்த்தடைக்காப்பு தெரியும். கருத்து முழுதாக உள்ளே இருக்கிறது. 'ஃபோட்டோசிந்தசிஸ்', 'ஆஸ்மாசிஸ்', 'இம்யூனிட்டி' என்ற பெயர்கள்தான் அவருக்குப் புதியவை. பட்டா எழுதக் கற்ற பெண்ணின் நிலையும் இதுவேதான். பட்டியல் நோட்டோ நேர் எதிரான நிலையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. பெயர் கையில் இருக்கிறது, கருத்து எங்கேயும் இல்லை. 'ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே யோசிக்கவேண்டும், தமிழ்ப் பொருள் எழுதினால் கெட்டுப்போகும்' என்று சில ஆசிரியர்கள் கண்டிப்பதுண்டு. 1997இல் பாட்யா லாஃபரும் கரேன் ஷ்முவேலியும் ஹீப்ரு பேசும் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், தாய்மொழியில் பொருள் தரப்பட்ட ஆங்கிலச் சொற்கள் ஆங்கிலத்திலேயே விளக்கப்பட்டவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. தமிழைத் துறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தமிழில் தெளிவாகப் புரிந்த ஒன்றுக்கு ஆங்கிலப் பெயர் ஒட்டுவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை.

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017இல் தொடங்கியது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின், தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளுக்குள் முன்பைவிட அதிகமாக நுழைகிறார்கள். உடற்கூறியல் புத்தகம் அவர்களை மிரட்டுவது இயல்பு. அங்கே நம் இலக்கண வகுப்பே கைகொடுக்கும் என்பதை யாராவது அவர்களிடம் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்புக்குள்ளேயே பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்கள் அவர்கள்; 'நடந்தனன்' என்பதைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பிரித்தவர்கள். அந்தப் பழக்கத்தோடு 'ஹைப்போகிளைசீமியா'வைப் பார்த்தால், குறைவு, சர்க்கரை, இரத்தம் என்று மூன்று துண்டுகள் தெரியும். 'ஹைப்பர்' வந்தால் அதுவே மிகுதி. 'இட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுத்தல். கிரேக்கமும் லத்தீனும் தந்த நூறு இருநூறு உறுப்புகள் பல ஆயிரம் மருத்துவச் சொற்களைத் திறக்கும். ஆனால் இந்த வித்தை அறிவியல் சொற்களில் பலிப்பதுபோலப் பொதுவழக்கில் பலிக்காது. 'இன்வேல்யூயபிள்' என்பதைப் பிரித்தால் மதிப்பற்றது என்று வரும். உண்மையில் அது விலைமதிப்பற்றது. நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் நம் கடைகளில் விற்கிறது. வேர்ச்சொல் வழி நல்ல வழிதான். எந்தத் துறையில் அது நம்பகமானது என்பதைத் தெரிந்துகொண்டு நடக்கவேண்டும்.

இனி, மனப்பாடத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதத்துக்கு வருகிறேன். நம் முன்னோர் நிகண்டு மனப்பாடம் செய்து புலவர்களானார்களே, அதை எப்படி மறுக்க முடியும்? திவாகரமும் பிங்கலமும் சூடாமணி நிகண்டும் திண்ணைப் பள்ளிகளில் ஒப்பிக்கப்பட்டவை. மறுக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அவை எப்படி அமைந்தன என்று பார்க்கவேண்டும். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள் உலகத்தைப் பகுத்துக்கொண்டு, செய்யுளின் ஓசையில் கோத்துத் தந்தவை. கற்ற பிள்ளைக்கு மொழி ஏற்கெனவே வீட்டுமொழி. எல்லாவற்றுக்கும் மேலாக, நிகண்டு முடிந்தவுடன் ஆசிரியர் ஒரு நூலைக் கையில் கொடுத்துப் பாடம் சொன்னார். அங்கே அந்தச் சொற்கள் வேலை செய்தன. இன்றைய பயிற்சி நோட்டுக்குப் பின்னால் எந்த நூலும் இல்லை. இன்னொன்று: ஒரே பொருள் கொண்ட பல சொற்களைச் சேர்த்துப் படிப்பது தாய்மொழியில் வளம் சேர்க்கலாம், புதிய மொழியில் அது குழப்பத்தையே தருகிறது. தாமஸ் டின்காம் 1993இலும் 1997இலும் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரே இனச் சொற்களை ஒன்றாகக் கற்றவர்கள் அவற்றை ஒன்றோடொன்று மாற்றிக் குழப்பிக்கொண்டார்கள். கற்க அதிக முயற்சியும் தேவைப்பட்டது. ஒரே நிகழ்வைச் சுற்றி வரும் வெவ்வேறு வகைச் சொற்களைக் கற்றபோது அந்தக் குழப்பம் இல்லை. ஒத்த சொல், எதிர்ச்சொல் என்று ஜோடி சேர்த்து மனப்பாடம் செய்யும் முறை நம்மிடம் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

ஒரே நிகழ்வைச் சுற்றி என்றால் என்ன என்பதற்கு வம்பன் நல்ல உதாரணம். ஆலங்குடிக்கு அருகே உள்ள தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் உளுந்து ரகங்கள் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்கு தெரிந்தவை. உளுந்தின் பெரிய எதிரி மஞ்சள் தேமல் நோய். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றில் 'ரெஸிஸ்டன்ட்' வரும், 'சஸெப்டிபிள்' வரும், 'வெக்டர்' வரும், 'இன்ஃபெஸ்டேஷன்' வரும், 'யீல்டு' வரும். உளுந்து விதைக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி பி.எஸ்சி. தாவரவியல் படிக்கிறாள் என்றால், இந்தச் சொற்களின் பொருள் அவள் வயலிலேயே கிடக்கிறது. எந்தச் செடி தாங்கும், எது தாங்காது என்று கண்ணால் பார்த்தவளுக்கு 'சஸெப்டிபிள்' ஒருமுறை விளங்கினால் போதும். பிறகு மனிதருக்கு வரும் நோயைப் பற்றிப் படிக்கும்போதும், வதந்திக்கு எளிதில் வசப்படும் கூட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதும் அதே சொல் அவளுக்குப் பிடிபடும்.

'இதெல்லாம் சரி, பரீட்சையில் ஒத்த சொல்தானே கேட்கிறான்?' என்பது மாணவரின் கேள்வி. அதை அலட்சியம் செய்ய எனக்கு உரிமை இல்லை. வேலை அவருக்கு உயிர்ப் பிரச்சினை. எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலை முதல்கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள். அவற்றில் ஒத்த சொல், எதிர்ச்சொல், ஒருசொல் மாற்று உண்டு. ஆனால் பத்தியில் விடுபட்ட இடத்தை நிரப்புவது, வாக்கியப் பிழை காண்பது, படித்துப் பொருளுணர்வது ஆகியவையும் அங்கேதான் இருக்கின்றன. இவற்றுக்குப் பட்டியல் நோட்டு உதவாது, படிப்புப் பழக்கம் உதவும். உலகின் பெரிய தேர்வுகளும் பட்டியலிலிருந்து விலகிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளையும் சொல்-உறவு ஒப்புமைகளையும் கைவிட்டது. எஸ்.ஏ.டி. 2016இல் அரிய சொற்களை நிறுத்திவிட்டு, சூழலில் ஒரு சொல் என்ன பொருள் தருகிறது என்று கேட்கத் தொடங்கியது. பல தலைமுறைகள் எஸ்.ஏ.டி. சொற்கள் என்றே தனிப் புத்தகம் போட்டு விற்ற நாடு அது. நோட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன லாஃபரின் ஆய்வு பட்டியலுக்கும் நற்சான்று தந்தது. நீண்ட பத்திக்குள் புதைந்த சொல்லைவிடத் தனியாக எடுத்துப் பார்த்த சொல் நன்றாக நின்றது என்று கண்டது. ஆக, நோட்டு நல்ல கருவி. அதற்குள் போகும் சொல் யார் தேர்ந்தது என்பதுதான் கேள்வி. தான் படித்த பக்கத்திலிருந்து, அந்த வாக்கியத்தோடு சேர்த்து எடுத்து, இரண்டு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்த நோட்டு தேர்வுக்கும் உதவும், தேர்வுக்குப் பிறகும் உதவும்.

தமிழ் இருக்க ஆங்கிலத்துக்கு இவ்வளவு பாடு ஏன் என்று கேட்பவர்களின் மொழிப்பற்று எனக்குப் புரிகிறது. எனக்கும் அது உண்டு. நீதிமன்றமும் நிர்வாகமும் உயர்கல்வியும் தமிழில் வரவேண்டும் என்று போராடத்தான் வேண்டும். ஆனால் 2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. எட்டாவது அட்டவணை மொழிகளிலெல்லாம் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30இல் உத்தரவிடவேண்டியிருந்தது. கருத்துச் சொல்லக் கெடு ஓடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், ஆங்கில வரைவைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் தமிழில் எடுத்துச் சொன்னார்கள். தமிழுக்காக வாதாடவும் அந்த ஆங்கிலம் தேவைப்பட்டது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இடம் பெற்று, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார். பின்னாளில் சட்டசபையில் தேவதாசி ஒழிப்புக்காக அவர் ஆங்கிலத்தில் வாதாடியது இந்த மண்ணின் பெண்களுக்காகத்தான்.

அப்படியானால் எதைப் படிப்பது? இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு எந்த மாவட்டத்துக்கும் எளிதில் வாய்க்காத ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தனிச் சமஸ்தானமாக இருந்ததால், புதுக்கோட்டை தன்னைப் பற்றி விரிவாக ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறது. மன்னர் கல்லூரி முதல்வராக இருந்த எஸ். ராதாகிருஷ்ண அய்யர் 1916இல் சமஸ்தானத்தின் பொது வரலாற்றை எழுதினார். கே.ஆர். வெங்கடராம அய்யர் தொகுத்த சமஸ்தான மானுவல் 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வந்தது. அதில் ஊர்வாரியாகக் குறிப்புகள் உண்டு. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு, சித்தன்னவாசல் ஓவியம், நார்த்தாமலையின் விஜயாலய சோழீஸ்வரம், கொடும்பாளூர் மூவர் கோயில் எல்லாம் அங்கே ஆங்கிலத்தில் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அன்னவாசலில் வளர்ந்த பையன் சித்தன்னவாசல் பக்கத்தைத் திறந்தால், குகை, தூண், தாமரைக் குளம் எல்லாம் அவன் ஏறிப் பார்த்தவை. தெரியாத சொல் வந்தால் அது எதைச் சொல்கிறது என்று ஊகிக்க அவன் கண்ணே போதும். எண்பது, நூறு ஆண்டுக்கு முந்தைய நடை கொஞ்சம் கனமாக இருக்கும். அந்தக் கனத்தைத் தாங்கக் கற்பதுதான் உயர்நிலை ஆங்கிலம். திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா போன்ற ஆய்வு நூலகம் இருக்கிற ஊரில் புத்தகம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இதற்குப் புதிய கட்டடமோ புதிய திட்டப் பெயரோ தேவையில்லை. பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து கல்லூரி திறப்பதுவரை பிள்ளைகள் சும்மா இருக்கும் வாரங்கள் இருக்கின்றன. அந்த வாரங்களில் முதலாண்டுப் பாடநூலின் முதல் அத்தியாயத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கும் ஒரு வகுப்பை மன்னர் கல்லூரியிலும் அரசு மகளிர் கலைக் கல்லூரியிலும் மாவட்ட மைய நூலகத்திலும் நடத்தலாம். எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்று வெளியூர் கைடு தயாரிப்பவரைக் கேட்க வேண்டாம். தமிழ்வழியில் படித்து வந்து முதலாண்டை முட்டி மோதி முடித்து, இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிற மாணவர்களைக் கேட்கவேண்டும். எந்த வரியில் நின்றார்கள், எந்தச் சொல்லைத் தெரியும் என்று நினைத்து ஏமாந்தார்கள், பரீட்சைக் கேள்வியில் எந்த வினைச்சொல் புரியாமல் மதிப்பெண் போயிற்று என்பது அவர்களுக்குத்தான் தெரியும். துறைக்கு ஐந்து பேர் உட்கார்ந்து எழுதினால் அந்தப் பட்டியல் தயாராகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அடுத்த அணி அதைத் திருத்திக்கொண்டே போகலாம்.